பதினொரு சேலைகளில் ஒன்று

நீங்கள் மூன்று பேரும் குருண் பட்டணத்தில் நம் தையல் மாடிக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது என்று, என்னோடு தைத்துவந்த பாக்கியம் சொன்னாள். மூவருக்கும் தையல் நன்றாக வருகிறதாம். சந்தோஷம். நான் போன வருடத்தோடு நிறுத்திக்கொண்டேன். வலது கட்டைவிரல் மூட்டு கத்தரிக்கோலைத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டுத் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. வழுக்குகிற பட்டுக்கு அடியில் என்ன துணி கொடுப்பது, எந்த ஊசி போடுவது, சரிகை வந்தால் எங்கே ஒதுக்குவது, இதெல்லாம் மிஷினில் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும். கைக்கு வராத சில விஷயங்கள் உண்டு. எனக்கு அவை தப்பு செய்த பிறகுதான் வந்தன. அந்தத் தப்புகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று சின்னது. இன்னொன்று அப்படி இல்லை.

நான் நேராக இந்த வேலைக்கு வந்தவள் அல்ல. சுங்கை பட்டாணியில் ஒரு பிளவுஸ் கடையில் பதினைந்து வருடம் வெட்டித் தைத்தேன். தீபாவளிக்கு முன்னால் வெட்டுத் துண்டுகள் மூட்டை மூட்டையாகச் சேரும். குப்பைக்குப் போகிற பட்டை வீட்டுக்கு எடுத்துவந்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு போர்வை தைத்தேன். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். பிறகு தங்கள் பழைய சேலைகளையே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் இந்த மாடி தொடங்கியது. கீழே துணிக்கடை வைத்திருந்தவரை நாங்கள் எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவோம். தமிழ் முஸ்லிம், அவர்கள் வழக்கில் நானா என்றால் அண்ணன்; அப்பா காலத்திலிருந்தே துணி வியாபாரம். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் சுற்றி வளைக்கமாட்டார்.

சின்னத் தப்பு இதுதான். தொடங்கிய புதிதில் ஒரு டீச்சர் ஒரு பை நிறையப் பட்டுத் துண்டுகள் கொண்டுவந்தார். "எல்லாம் சுத்தப் பட்டு அக்கா" என்றார். நானும் ஒரு துண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா டீச்சர், பாத்தாலே தெரியுதே" என்றேன். இரண்டு வாரம் கழித்து வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். அவர் முன்னாலேயே ஒரு பச்சைத் துண்டின் மீது இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். துண்டு சுருண்டு பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றம். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அவருடைய பட்டை எடுத்துக்கொண்டு மட்டத் துணியை வைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார். "நீங்க கொடுத்ததே பட்டு இல்லை" என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. பார்த்தாலே தெரிகிறது என்று சொன்னவளே நான்தானே.

நாற்றத்துக்கு நானா மேலே ஏறி வந்தார். பையில் மிச்சம் இருந்த பச்சைத் துணியிலிருந்து ஒரு நூல் உருவி, தீக்குச்சியில் காட்டினார். உருகிச் சொட்டியது. பக்கத்து நீலத்திலிருந்து ஒன்று உருவிக் காட்டினார். முடி கருகுகிற வாசனை. "இது பட்டு. அது பட்டு இல்ல. வித்தவன் ஒங்கள ஏமாத்திட்டான் டீச்சர்" என்றார். டீச்சர் சமாதானமாகிப் போனார். அவர் போனதும் நானா என்னிடம், "தெரியாதத தெரியும்னு சொல்லாத தங்கச்சி. அவங்க கொடுத்தப்பவே எரிச்சுப் பாத்திருந்தா இந்த வம்பே இல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து எந்தத் துணியையும் சோதிக்காமல் மேசையில் வைத்ததில்லை. துணியைச் சோதிக்கக் கற்றுக்கொண்டேன். துணிக்குப் பின்னால் இருக்கிற மனிதர்களைப் பற்றிக் கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு இன்னும் சில வருடம் ஆனது.

ஒரு சனிக்கிழமை இரண்டு சகோதரிகள் வந்தார்கள். மூத்தவள் கமலா, மெர்கோங்கில் குடியிருப்பவள். இளையவள் ரதி, கோலாலம்பூரில் வேலை. அவர்களுடைய அம்மா தவறி ஒரு வருடம் ஆகவிருந்தது. சுங்கை லாலாங்கில் அண்ணன் வீட்டில்தான் கடைசிவரை இருந்தாராம். பெரிய பை ஒன்றை மேசையில் வைத்தார்கள்.

"அம்மாவோட பட்டுச் சேல லா எல்லாம். பதினொன்னு இருக்கு" என்றாள் கமலா. "எனக்கு ஒரு குயில்ட், தங்கச்சிக்கு ஒரு குயில்ட். அம்மாவுக்கு மொத தெவசம் வருது, அதுக்குள்ள முடியுமா அக்கா?"

"எப்ப தெவசம்?"

"இன்னும் மூனு வாரம்தான் இருக்கு. அம்மா அலமாரிய அப்படியே காலி பண்ணி எடுத்துட்டு வந்துட்டோம்."

ரதிக்கு மத்தியானப் பஸ். நின்றுகொண்டே பேசினார்கள். நான் சேலைகளை எண்ணி, பதினொன்று என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஒவ்வொன்றையும் விரித்துக் காட்டவில்லை. அலமாரியைக் காலி பண்ணி எடுத்துவந்தோம் என்று அவள் சொன்னபோதே நான் நின்றிருக்க வேண்டும். ஓர் அலமாரியில் இருப்பதெல்லாம் ஒரே ஆளுடையதா? உங்கள் வீட்டு அலமாரியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அந்த வாரம் வெட்ட ஆரம்பித்தேன். பச்சை, நீலம், கடுகு மஞ்சள், காப்பிக்கொட்டை நிறம். நல்ல சேலைகள், ஆனால் எல்லாம் அடங்கிய நிறம். போர்வையின் நடுவில் வைக்கக் கண்ணை இழுக்கிற மாதிரி ஒன்று வேண்டும். அது கிடைக்காமல் தடுமாறிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதாக ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றியிருந்த சேலையைப் பிரித்தேன். அரக்குச் சிவப்பு. ஒரு சாண் அகலத்துக்குச் சரிகை. விரித்ததும் அறையே வெளிச்சமானது போல இருந்தது.

பாக்கியம் மிஷினிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, இது புதுசா இருக்கே லா" என்றாள்.

"பத்திரமா வச்சிருந்திருப்பாங்க" என்றேன்.

நான் உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். மற்ற சேலைகளில் அந்துருண்டை வாசனை, இதில் இல்லை. மற்றவை அகலமாக மடித்திருந்தன. இது குறுக்கி மடித்திருந்தது. மற்றவற்றில் கரைக்கு அடியில் கையால் பொடித் தையல் போட்டிருந்தது. இதில் மிஷின் தையல். முந்தானை ஓரத்தில் மஞ்சள் தடவிய அடையாளம், கல்யாணத்தில் தடவுவார்களே, அது. எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்த, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஓர் அம்மாவின் கூறைச் சேலை இவ்வளவு புதுசாக, இவ்வளவு சரிகையோடு இருக்க முடியுமா? எல்லாம் கண்ணில் பட்டது. பட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். ஏனென்றால் எனக்கு அந்தச் சிவப்பு வேண்டியிருந்தது.

பன்னிரண்டு சதுரம் வெட்டினேன். ஒரு போர்வைக்கு ஆறு. முந்தானையிலிருந்துதான் பாதி.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, நாற்காலியில் கிடந்த அந்த வெள்ளைத் துண்டை மடிக்க எடுத்தேன். உள்ளே இருந்து ஒரு பிளவுஸ் விழுந்தது. அதே அரக்குச் சிவப்பு. எடுத்து உள்பக்கம் திருப்பினேன். பின்கழுத்தில் கயிறு கட்டுகிற இடத்தில், உள்ளே சின்னதாக ஒரு முக்கோணத் துணி வைத்துத் தைத்திருந்தது. கயிறு இழுத்துக் கிழியாமல் இருக்க நானே கண்டுபிடித்துச் செய்துவந்த வேலை அது. வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

அந்த பிளவுஸை நான்தான் தைத்திருக்கிறேன். சுங்கை பட்டாணிக் கடையில், ஏதோ ஒரு கல்யாணப் பெண்ணுக்கு. முகம் நினைவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு அந்தக் காலகட்டத்தில் கல்யாணம் ஆகி வந்த பெண் யாராக இருக்க முடியும்? மருமகள் ஒருத்திதான். கமலாவின் அண்ணி.

பாக்கியத்திடம் சொன்னேன். அவள் பிளவுஸை வாங்கிப் பார்த்தாள். "அவங்க கொடுத்தாங்க, நம்ம வெட்டுனோம். கையெழுத்தும் இருக்கு. நம்ம மேல என்னா தப்பு அக்கா?" என்றாள். என்மேல் இருந்த பாசத்தில் சொன்னாள். அந்தப் பேச்சு எனக்கு அப்போது தேவையாகவும் இருந்தது. ஆனாலும் பிளவுஸைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

நானா ஒரு வாடிக்கையாளருக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். அந்த ஆள் போகும்வரை நின்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன்.

"மொதல்ல யார்ட்ட சொல்லப் போற?" என்று கேட்டார்.

"கமலாகிட்டதான் நானா. அவங்கதானே ஆர்டர் கொடுத்தது."

"ஆர்டர் யாரு கொடுத்தான்னு நான் கேக்கல தங்கச்சி. சேல யாரோடது?"

அவர் கேட்டது புரிந்தது. ஆனால் துணிச்சல் வரவில்லை. மேலே வந்து கமலாவுக்குத்தான் போன் செய்தேன்.

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, தயவுசெஞ்சு அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க. அது அந்தச் சேலைய கட்டுறதே இல்ல. தேடவும் தேடாது. தெவசம் நல்லபடியா முடியட்டும்" என்றாள்.

"என்னைக்காவது தேடுவாங்களே ம்மா."

"தேடுறப்ப பாத்துக்கலாம் லா. இப்ப சொன்னா வீட்டுல பெரிய சண்ட வரும். அண்ணன் எங்கள உள்ளயே விடமாட்டார். அம்மா தெவசத்துக்கு நாங்க எங்க போயி நிக்கிறது?"

அவள் அழுதாள். அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவை இழந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பயந்துபோயிருந்தாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்ல வேணாம்" என்று வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் சொல்கிறார், மறைத்துவிடு என்று. கூட வேலை செய்கிறவள் சொல்கிறாள், உன் தப்பு இல்லை என்று. வேலையோ பாதி முடிந்துவிட்டது. சும்மா இருந்தால் போதும், எல்லாம் அதுபாட்டுக்கு நடந்துவிடும். சாயங்காலம் கடை பூட்டும்வரை நான் எனக்கே பல நியாயம் சொல்லிப் பார்த்தேன். குடும்பச் சண்டைக்கு நான் காரணமாகலாமா என்று நினைத்தேன். அதே மாதிரி சேலை ஒன்று தேடி வாங்கி, துண்டில் சுற்றி வைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்தபோதுதான் எனக்கே வெட்கமாகப் போனது. தன் கூறைச் சேலை எது என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாதா?

மறுநாள் பாக்கியம் தன் காடியை ஓட்ட, சுங்கை லாலாங் போனோம். எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு ஓரமாக வரிசை வீடுகள். தெவசம் நடக்கிற வீடு என்று, ஆர்டர் கொடுத்த அன்று கமலா எழுதிக் கொடுத்திருந்த முகவரி அது. வீட்டு முன்னால் ஒரு சக்கர நாற்காலி கிடந்தது. அதன்மேல் பள்ளிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டில் யாரும் இல்லை. காடியிலேயே காத்திருந்தோம். இரண்டு மணிக்கு மேல் ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை. ஏப்ரனைக்கூட இன்னும் கழற்றவில்லை. பெயர் புவனா என்றாள்.

நான் யார் என்று சொன்னதும், "ஓ, அத்தையோட சேலைங்கள தைக்கிறவங்களா? வாங்க லா அக்கா, உள்ள வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள்.

"தண்ணி குடிச்சிட்டா என்னால சொல்ல முடியாது ம்மா. மொதல்ல சொல்லிடறேன். அந்தப் பையில ஒங்க கூறைச் சேலையும் இருந்துச்சு. தெரியாம..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அது உண்மை இல்லை. "நான் வெட்டிட்டேன்" என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். "என் சேலையா? அது அத்த அலமாரியில..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, உள்ளே ஓடினாள். அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள். அவளும் கணவரும் இருக்கிற அறைக் கூரை மழைக்கு ஒழுகுமாம். அலமாரிக்குள்ளேயே தண்ணீர் இறங்கியதாம். "என் அலமாரியில வையி, நனையாதுன்னு அத்தையே சொன்னாங்க" என்றாள். நாத்தனார்கள் வந்து சேலைகளை எடுத்துக்கொண்டு போனபோது அவள் கேன்டீனில் இருந்திருக்கிறாள். அம்மா சேலை மகள்களுக்குத்தானே, எடுத்துக்கட்டும் என்று கணவரிடம் முதல் நாளே சொன்னவளும் அவள்தான்.

துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை அவள் மடியில் வைத்தேன். மிச்சச் சேலை, பன்னிரண்டு சதுரம், பிளவுஸ். அவள் சதுரங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். முந்தானைத் துண்டு வந்தபோது கை நின்றது.

"வெட்டறதுக்கு முன்னால யார்கிட்டயும் கேக்கலையா அக்கா?"

"கேக்கல ம்மா."

"ஏன் கேக்கல?"

"சந்தேகம் வந்துச்சு. கேட்டா இந்தச் செவப்பு கையவிட்டுப் போயிடுமோன்னு கேக்கல."

பாக்கியம் என் கையைப் பிடித்து அழுத்தினாள், இவ்வளவு சொல்ல வேண்டுமா என்பது போல. புவனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கமலாவுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வழி முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

"நேத்து போன்ல சொன்னேன் ம்மா."

"அவங்க என்னா சொன்னாங்க?"

"அத நீங்க அவங்ககிட்டயே கேளுங்க. நான் செஞ்சத சொல்லத்தான் நான் வந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். கேட்காமலே அவளுக்குப் புரிந்திருக்கும். மடியில் இருந்ததை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு, "போயிட்டு வாங்க அக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒரு தப்பை ஒத்துக்கொள்ளும்போது உங்கள் பங்கை முழுசாகச் சொல்லுங்கள். அடுத்தவர் பங்கைச் சொல்லாதீர்கள். கமலா மறைக்கச் சொன்னாள் என்று நான் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என்மேல் இருந்த கோபம் அப்படியே அவள்மேல் திரும்பியிருக்கும். எனக்குச் சுலபமாகியிருக்கும். அந்தக் குடும்பம் அதோடு முடிந்திருக்கும்.

அன்று சாயங்காலமே கமலா போனில் கத்தினாள். அண்ணன் கூப்பிட்டுத் திட்டினாராம். "சேலைங்கள திருப்பிக் கொடுங்க, வேற எடத்துல பாத்துக்கறேன்" என்றாள். எல்லாவற்றையும் மடித்துப் பையில் எடுத்து வைத்தேன். ஆனால் மறுநாள் ரதி கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டாள். "தையல நிறுத்திடாதீங்க அக்கா. எங்க அக்காகிட்ட நான் பேசிக்கறேன்" என்றவள், வைப்பதற்கு முன்னால் சொன்னாள்: "அம்மாவ அஞ்சு வருஷம் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டது அண்ணிதான். சேலைங்கள எடுக்கறப்ப அவங்களுக்கு ஒன்னாவது வேணுமான்னு நாங்க கேக்கவே இல்ல."

நான்கு நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும், புவனாவே மாடிப்படி ஏறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. நான் எழுந்து நின்றேன். அந்த நான்கு நாளும் நான் யோசித்து வைத்திருந்ததை முதலில் சொல்லிவிட்டேன்: "அந்தத் துண்டுங்கள கொண்டாங்க ம்மா. மறுபடியும் சேலையா சேத்துத் தச்சுத் தர்றேன். தையல் தெரியும். ஆனா கட்டலாம்."

"வேணாம் அக்கா. அத நான் பாத்துக்கறேன்."

அதை அவள் என்ன செய்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. நாம் கெடுத்த எல்லாவற்றையும் நாமே சரிசெய்துவிட முடியும் என்று நினைக்காதீர்கள். சிலவற்றைத் தொடவே கூடாது.

அவள் பையிலிருந்து எடுத்தது ஒரு பாத்தேக் கைலி. பருத்தியில் பழுப்பு நிறத்தில் பூ அச்சடித்தது. துவைத்துத் துவைத்து மெலிந்து, இடுப்பில் சொருகுகிற இடத்தில் நிறமே போயிருந்தது.

"அத்தைக்கு வாதம் வந்தப்புறம் அஞ்சு வருஷம் இந்த மாதிரி நாலு கைலிதான் மாத்தி மாத்தி கட்டிவிட்டேன். இதுதான் அவங்களுக்குப் புடிச்சது" என்றாள். ரதி சொன்ன பிறகு நான் மறுபடி மேசையில் விரித்திருந்த பச்சையையும் நீலத்தையும் பார்த்தாள். "இதெல்லாம் கட்டி நான் பாத்தது ஒன்னு ரெண்டு தடவதான் அக்கா. எனக்குத் தெரிஞ்ச அத்த இதுல இல்ல. இத எங்கயாவது ஒரு ஓரத்துல வச்சுத் தைக்க முடியுமா?"

பருத்தியையும் பட்டையும் சேர்த்தால் துவைக்கும்போது ஒன்று சுருங்கும், ஒன்று சுருங்காது. இது பழைய கைலி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கிவிட்டது, சமாளிக்கலாம். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. இந்தத் தடவை நான் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. போனை எடுத்தேன். "போர்வ அவங்க ரெண்டு பேரோடது ம்மா. கேட்டுட்டுத்தான் வைப்பேன்" என்றேன். புவனா சரி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரதி உடனே சம்மதித்தாள். "ஓரத்துல வேணாம் அக்கா, நடுவுல வைங்க" என்றாள். கமலா போனை எடுக்கவில்லை. கைலியைப் படம் எடுத்து, யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள் என்று எழுதி அனுப்பினேன். ஒரு நாள் போனது. இரண்டாவது நாளும் போனது. தெவசத்துக்கு ஏழு நாள்தான் இருந்தது. பாக்கியம், "ஒருத்தவங்க சரின்னு சொல்லிட்டாங்களே, ஆரம்பிச்சிடலாம் லா" என்றாள். முடியாது என்றேன். மூன்றாவது நாள் காலையில் கமலாவிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. சரி.

அடுத்த நான்கு நாள் நானும் பாக்கியமும் தைத்த மாதிரி அதற்கு முன்னும் தைத்ததில்லை, பின்னும் தைத்ததில்லை.

கமலா போர்வைகளை எடுத்துப்போக வருகிற நேரத்தை எனக்குச் சொன்னாள். புவனாவும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். இருவரையும் தெரியாமல் ஒருவர் முன் ஒருவர் கொண்டுவந்து நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. "அண்ணியும் அந்நேரத்துக்கு வருவாங்க. வேணாம்னா வேற நேரம் வாங்க" என்று கமலாவிடம் சொன்னேன். "பரவால்ல" என்றாள்.

கமலா முதலில் வந்தாள். புவனா வந்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் ஒரு போர்வையை மேசையில் விரித்தேன். சுற்றிலும் பச்சை, நீலம், மஞ்சள், எல்லாம் மினுமினுப்பு. நடுவில் மட்டும் மினுக்காத அந்தப் பழைய கைலி. எனக்கே அது எப்படி இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் கண் அங்கேதான் போகும்.

கமலா நடுத் துண்டைத் தொட்டாள். பிறகு குனிந்து முகர்ந்து பார்த்தாள். நாங்கள் துவைத்துத்தான் தைத்தோம். இருந்தும் அதில் தைல வாசனை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் நிமிரவே இல்லை. குனிந்தபடியே கேட்டாள்.

"அண்ணி, அம்மா இத கட்டிக்கிட்டு எங்க உக்காருவாங்க?"

புவனா கைப்பையைக் கீழே வைத்தாள். "வாசல்லதான்" என்றாள். "காலையில நாற்காலிய தள்ளிட்டுப் போயி விட்டுட்டா, செம்பனை லோரிய எண்ணிக்கிட்டு இருப்பாங்க. ஒங்க அண்ணன் ஓட்டுற லோரி வந்தா தூரத்துலயே சத்தத்த வச்சு கண்டுபுடிச்சிடுவாங்க. வராத கைய மடியில போட்டுக்கிட்டு, இந்தக் கையால கைலிய இழுத்து இழுத்து சரி பண்ணுவாங்க, மகன் பாக்கறப்ப ஒழுங்கா இருக்கணும்னு."

"எனக்குத் தெரியாதே அண்ணி."

"நீங்க போன் பண்ணுனா, நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லுன்னு என்கிட்ட சொல்வாங்க."

கமலா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "வேற என்னா செய்வாங்க?" என்று கேட்டாள். புவனாவும் எதிரில் உட்கார்ந்தாள்.

மிஷின் ஓடுகிற சத்தத்தில் புவனாவின் மெல்லிய குரல் சரியாகக் கேட்கவில்லை. பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டிருந்தாள். வேறு ஆர்டர் இரண்டு அவசரமாகக் கிடந்தது. அன்று மத்தியானம்வரை அந்த அறையில் ஒரு தையல் விழவில்லை. உங்கள் மேசைக்கும் அப்படி இரண்டு பேர் வருவார்கள். வந்தால் நீங்களும் மிஷினை நிறுத்திவிடுங்கள்.